நுரை காய்வதற்குள்

வணக்கம் நேயர்களே. இத்தாலியின் தென்கிழக்குக் கோடியில் உள்ள சலெண்டோவில், 2013-இல் ஒலிவ மரங்களில் சைலெல்லா பாக்டீரியா கண்டறியப்பட்டது. நுனிக்கிளை கருகத் தொடங்கி மரமே பட்டுப்போகிற நோய் இது. நோய் கண்ட மரத்தைத் தேற்ற மருந்தில்லை. அதைப் பரப்பும் பூச்சியைத்தான் ஒழிக்க வேண்டும். அந்தப் பூச்சியோ மரத்தடிக் களையில்தான் வளர்கிறது.

அதன் பெயர் புல்வெளி நுரைப்பூச்சி. ஆண்டுக்கு ஒரே தலைமுறை. இலையுதிர் காலத்தில் காய்ந்த தாள்களிலும் சருகிலும் இட்ட முட்டை, பிப்ரவரி கடைசியிலிருந்து பொரிக்கும். இளம்பூச்சி செடியின் நீர்க்குழாயில் ஊசிவாயைச் செருகிச் சாறு உறிஞ்சும். அந்தச் சாறு ஏறக்குறைய வெறும் தண்ணீர்தான். அதனால் ஓயாமல் குடிக்கும், ஓயாமல் கழிக்கும்; கழிவில் காற்றை ஊதி நுரையாக்கி அதற்குள்ளேயே ஒளிந்துகொள்ளும்.

களையைத் தேர்ந்தெடுப்பதும் இந்தச் சத்துக் குறைவால்தான். தழைச்சத்து மிகுந்த அவரைக் குடும்பக் களைகளில், குறிப்பாகக் காட்டு மசாலில், நன்றாகத் தங்கும். சூரியகாந்திக் குடும்பத்துச் சோங்கஸ், கிரெபிஸ், கொத்தமல்லிக் குடும்பத்துக் காட்டுக் கேரட் ஆகியவையும் பிடிக்கும். புல்லில் இது குறைவு. அங்கே நுரை தெரிந்தால் பெரும்பாலும் நியோஃபிலேனஸ் என்ற உறவுக்காரப் பூச்சியாக இருக்கும்.

மார்ச்சிலிருந்து 100-க்கு 25 சென்டிமீட்டர் சட்டத்தைத் தோப்பில் பல இடங்களில் வைத்து எண்ணுங்கள். சோங்கஸின் அடியிலைக் கக்கத்தில் எச்சில் துப்பியதுபோல் நுரை இருக்கும். குச்சியால் விலக்கிப் பாருங்கள்; ஒரே நுரைக்குள் இரண்டு மூன்று கூட இருக்கும். ஆகவே நுரையை அல்ல, பூச்சியை எண்ண வேண்டும். பெரியவற்றின் முதுகில் இறக்கை மொட்டு தெரிந்தால் இனித் தாமதிக்கக் கூடாது. ஏப்ரல் முடிவதற்குள் மேலாக உழுதுவிடுங்கள், அல்லது தரையொட்டி வெட்டுங்கள். ஆழ உழுதால் ஒலிவத்தின் மேல்வேர் அறுபடும். சரிவில் மண்ணும் அரித்துப் போகும். உயர்த்தி வெட்டினால் தரையோடு படர்ந்த அடியிலைகளில் பூச்சி பிழைத்துக்கொள்ளும். சீக்கிரமே வெட்டினால் களை தழைத்துவிடும், பின்னால் பொரிப்பவற்றுக்கு அதுவே தீனி. கல்வேலியோரத்தையும் மரத்தூரையும் விட்டுவிடுவதுதான் பலர் செய்யும் தவறு.

தாயிடமிருந்து முட்டைக்குக் கிருமி போவதில்லை. இளம்பூச்சிக்கு எப்படியோ தொற்றினாலும் சட்டை உரிக்கையில் அதுவும் போய்விடும். இறக்கை வந்த பூச்சி நோயுற்ற ஒலிவத்தில் ஒருமுறை தொற்றிக்கொண்டால், சாகும்வரை பரப்பும். நுரை காய்ந்து உள்ளே சட்டை மட்டும் கிடந்தால், பூச்சி பறந்துவிட்டது என்று பொருள். களையெடுப்பால் அதைப் பிடிக்க முடியாது.