மாமியின் மரக் குவளை

வணக்கம் நேயர்களே.

கொட்டாஞ்சேனையில் எங்கள் அடுத்த வீட்டு மாமிக்குச் சீனி வருத்தம். அதற்கு மெட்ஃபோமின் மாத்திரை போடுகிறார். அது போதாதென்று புறக்கோட்டை நாட்டு மருந்துக் கடையில் ஒரு மரக் குவளையும் வாங்கிவந்தார். இரவில் அதில் தண்ணீர் ஊற்றி மூடிவைப்பார், விடிந்ததும் குடிப்பார். கோத்தல ஹிம்புட்டு, அதாவது பொன்கொரண்டி இனத்துக் கொடியின் கட்டையில் கடைந்த குவளை அது.

ஒரு கிழமை போனதும் என்னைப் பிடித்துக்கொண்டார். "வயிறு பொருமுது தம்பி. என்ர மச்சாளும் இதைத்தான் குடிக்கிறா, அவவுக்கு ஒண்டுமில்லை. எனக்கு மட்டும் ஏன்?"

அந்தக் கட்டையில் சலசினோல் என்றொரு பொருள் இருக்கிறது. 1997இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் அதைப் பிரித்தெடுத்தார்கள். சோற்றின் மாச்சத்தைச் சீனியாக உடைக்கும் சிறுகுடல் நொதியை அது தடுக்கிறது. சாப்பிட்ட பின் சீனி சட்டென்று ஏறாது. சரி, உடையாத மாச்சத்து எங்கே போகும்? நேரே பெருங்குடலுக்குத்தான். அங்கே குடியிருக்கும் பக்டீரியாக்களுக்கு அன்றைக்குக் கலியாண வீடு. புளிக்கவைத்து வாயுவை விடுகின்றன, அதுதான் பொருமல். கூடவே பியூட்டிரேட் போன்ற அமிலங்களையும் உண்டாக்குகின்றன. குடலின் உட்சுவர்க் கலங்களுக்கு அது உணவு. இன்சுலினைத் தூண்டும் ஹோர்மோன் சுரக்கவும் இந்த அமிலங்கள் உதவுகின்றன. மாமியின் குடலில் இருக்கும் பக்டீரியாக் கூட்டம் வேறு, மச்சாளுடையது வேறு.

இன்னும் வேடிக்கையானது மரமஞ்சள். தடிமன் வந்தால் கொத்தமல்லியோடு அவிப்போமே, வெனிவெல், அதுதான். அதிலுள்ள பெர்பரின் என்ற பொருள் இரத்தச் சீனியைக் குறைக்கக்கூடியது. ஆனால் விழுங்கினால் நூற்றில் ஒரு பங்குகூட இரத்தத்தில் சேராது. சேர்கிற அந்தக் கொஞ்சத்துக்கும் பக்டீரியாவின் கை வேண்டும். அவை அதோடு ஐதரசனைச் சேர்த்து, குடற்சுவரைக் கடக்கக்கூடிய வடிவமாக மாற்றுகின்றன. கடந்ததும் அது பழைய பெர்பரினாகிவிடுகிறது. வேலி பாயச் சாரத்தை மடித்துக் கட்டி, அந்தப் பக்கம் இறங்கியதும் அவிழ்த்துவிடுகிற மாதிரி. 2015இல் சீன ஆய்வாளர்கள் இதைக் காட்டினார்கள். நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்த விலங்குகளில் இரத்தத்துக்குப் போன பெர்பரின் குறைந்தது.

மெட்ஃபோமினின் பூர்வீகமும் ஒரு செடிதான், ஐரோப்பாவின் கலேகா. அந்த மாத்திரையும் குடல் பக்டீரியாக்களின் கலவையை மாற்றுகிறது.

ஆகவே "பக்கத்து வீட்டாருக்குக் கேட்டது, எனக்கும் கேட்கும்" என்ற கணக்கு இங்கே சரிவராது. மூலிகை குடிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வைத்தியரிடம் ஒளிக்காமல் குடியுங்கள். மாத்திரையும் கசாயமும் சேர்ந்து சீனியை அளவுக்கு மிஞ்சி இறக்கினால் தலை சுற்றும், வியர்த்துக் கொட்டும். கர்ப்பிணிகளுக்கு மரமஞ்சள் வேண்டவே வேண்டாம்.

போன மாதம் மாமி குவளையை ஷொப்பிங் பேக்கில் போட்டுக் கிளினிக்குக்கே கொண்டுபோய்விட்டார். தாதி சிரிக்கவில்லை. கிளினிக் கொப்பியில் மெட்ஃபோமினுக்குக் கீழே எழுதிக்கொண்டார்: மரக் குவளைத் தண்ணீர், காலையில் ஒன்று.