சேஷாத்ரி அப்படி என்னதான் செய்தார்?

அடுத்த கேள்வி வெள்ளவத்தையிலிருந்து ஒரு தங்கச்சி அனுப்பியது. உயர்தரத்தில் இணைந்த கணிதம் படிக்கிறாராம். "சி. எஸ். சேஷாத்ரி வடிவியல் வெளிகளை ஆராய்ந்தவர் என்று வாசித்தேன். வெளியில் ஆராய என்ன இருக்கிறது சேர்? அவர் என்ன செய்தார்?"

சரி தங்கச்சி, ஒரு பழைய வினாத்தாளில் நீளமாக இரண்டு கீலம் வெட்டிக்கொள்ளுங்கள். ஒன்றை அப்படியே வளைத்து, முனைகளை ஒட்டுங்கள். காப்பு மாதிரி வரும். மற்றதை ஒட்டுமுன் ஒரு முனையை ஒரு தரம் புரட்டிவிடுங்கள். இனி இரண்டையும் நடுக்கோட்டில் கத்தரித்துப் பாருங்கள். முதலாவது இரண்டு வளையமாகப் பிரியும். மற்றது பிரியாது, ஒரே நீள வளையமாகத் தொங்கும். இத்தனைக்கும் இரண்டிலும் நடுவில் இருந்தது வட்டம்தான், அதன் புள்ளிதோறும் ஒரு குறுக்குக்கோடு. கோடுகளைத் தொடுத்த விதம்தான் வேறு. இப்படி ஒரு வெளியின் புள்ளிதோறும் கோட்டையோ தளத்தையோ தொடுப்பதைத்தான் வெக்டர் பண்டில் என்கிறார்கள். உங்கள் புத்தகத்தில் காவி என்று வருகிறதே, அதே வெக்டர்.

சேஷாத்ரி 1932இல் காஞ்சிபுரத்தில் பிறந்தவர். சென்னை லயோலாவில் படித்தார். அங்கே ரசீன் என்று ஒரு பிரெஞ்சுப் பாதிரியார், பாரிஸில் எலி கார்த்தானிடம் ஆய்வு செய்தவர். புதுக் கணிதத்தின் வாசம் அவர் வழியாகத்தான் மாணவர்களுக்கு வந்தது. அதே கல்லூரியில் எம். எஸ். நரசிம்மனும் படித்தார். 1953இல் இருவரும் பம்பாய் டாட்டா ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தார்கள். பிறகு பாரிஸிலும் சில வருடம்.

இப்போது வட்டத்தை விடுங்கள். உளுந்து வடையின் மேற்பரப்பை எடுங்கள், ஆனால் ஓட்டை ஒன்றல்ல, இரண்டு மூன்று. அம்பு ஒன்றைக் கொண்டு ஓட்டையைச் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே வந்தால் அம்பு எவ்வளவு திரும்பியிருக்கும்? இந்தத் திருப்பங்களின் கணக்கு ஒரு பக்கம். மம்ஃபோர்ட் என்ற கணிதவியலாளர் அட்சரகணித வழியில் 'நிலையானவை' என்று பிரித்தெடுத்த பண்டில்கள் மறுபக்கம். எளிமையாக்கித்தான் சொல்கிறேன்: இரண்டும் ஒன்றுக்கு ஒன்று பொருந்தும் என்று 1965இல் நரசிம்மனும் சேஷாத்ரியும் நிறுவினார்கள். எங்கோ தொடங்கிய இரண்டு ரோட்டு கொழும்பின் காலி வீதியில் வந்து சேர்ந்த மாதிரி. 1983இல் டொனால்ட்சன் என்ற கணிதவியலாளர் இதற்கு வேறொரு நிறுவல் கொடுத்தார், இயற்பியல்காரர்களும் பிடித்துக்கொண்டார்கள்.

எனக்கென்றால் 1989தான் பெரிது. 57 வயதில் சென்னையில் ஒரு கணிதப் பள்ளி தொடங்கினார். இன்றைய சென்னை கணிதவியல் கழகம் அதுதான். 1998 முதல் அங்கே இளநிலை வகுப்பும் நடக்கிறது, ஆராய்ச்சி செய்பவரே உங்கள் வயதுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பார். நம் ரியூசன் வகுப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள், வேண்டாம், விடுங்கள். மனிதர் கர்நாடக இசையும் நன்றாகப் பாடுவார். 2020 ஜூலையில் காலமானார்.

கத்தரித்த நீள வளையத்தை எறிந்துவிடாதீர்கள். இன்னொரு தரம் நடுவால் கத்தரியுங்கள். என்ன வந்தது என்று அடுத்த கிழமை நீங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும்.