எடை மெஷினில் ஏறச் சொல்லாத டயட்டீஷியன்

(திரையில்: 1980களின் சான் டியேகோ, ஒரு மருத்துவமனை வரவேற்பறை)

வணக்கம். அமெரிக்காவின் சான் டியேகோ நகரில், கைசர் பெர்மனென்டே மருத்துவக் குழுமத்தில், வின்சென்ட் ஃபெலிட்டி என்ற டாக்டர் 1980களில் உடல் பருமனுக்கு ஒரு சிகிச்சைத் திட்டம் நடத்திவந்தார். வந்தவர்களுக்கு எடை நன்றாகவே குறைந்தது. ஆனால், நன்றாகக் குறைந்துகொண்டிருந்தவர்களிலேயே பலர் பாதியில் நின்றுவிட்டார்கள். காரணம் புரியாத டாக்டர், நின்றுபோனவர்களை அழைத்து, சிறுவயதிலிருந்து என்ன நடந்தது என்று பொறுமையாகக் கேட்டார். குழந்தைப் பருவத்தில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள் அவர்களில் ஏராளமாக இருந்தார்கள். வன்புணர்வுக்குப் பிறகு எடை கூடிய ஒரு பெண் சொன்னதன் சாரம் இது: குண்டாக இருந்தால் யார் கண்ணிலும் படமாட்டேன், எனக்கு அதுதான் வேண்டும்.

டாக்டருக்கு நோயாகத் தெரிந்த எடை, அந்தப் பெண்ணுக்குக் காவலாக இருந்திருக்கிறது. காவலைப் பறித்துவிட்டு "ஏன் டயட்டில் நிற்கவில்லை?" என்று கேட்டால் அவர் என்ன பதில் சொல்வார்?

பிறகு ஃபெலிட்டியும் ராபர்ட் ஆண்டா என்ற மருத்துவ ஆய்வாளரும் 17,000-க்கும் மேற்பட்டவர்களிடம் ஆய்வு நடத்தினார்கள். முதல் கட்டுரை 1998-இல் வந்தது. சிறுவயதுத் துயரங்கள் கூடக்கூட, பிற்காலத்தில் மனச்சோர்வும் இதய நோயும் கடும் உடல் பருமனும் அதிகம் காணப்பட்டன.

(திரையில்: ஆலோசனை அறை. கைப்பிடி இல்லாத அகலமான நாற்காலி)

சரி, இதைத் தெரிந்துகொண்ட டயட்டீஷியன் எப்படி நடந்துகொள்வார்? நாற்காலியிலிருந்தே ஆரம்பிக்கலாம். கைப்பிடிக்குள் உடம்பைத் திணித்து உட்கார வேண்டிய நிலை வந்தால், அப்புறம் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் பலனில்லை. அடுத்தது எடை. "இன்னைக்கு எடை பார்க்கலாமா? வேண்டாம்னாலும் பரவாயில்லைங்க" என்று அனுமதி கேட்பார். இதய நோயாலோ சிறுநீரக நோயாலோ உடம்பில் நீர் கோத்திருப்பவர்களுக்கு எடை தெரிந்தே ஆக வேண்டும். அப்போதும் மெஷினுக்கு முதுகைக் காட்டி நிற்கலாம். எண்ணைச் சத்தமாகச் சொல்ல மாட்டார்.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்கும் விதமும் வேறு. "ராத்திரி ஏன் இவ்வளவு சாப்பிட்டீங்க?" என்பது விசாரணை. "அந்த நேரத்துல சாப்பாடு உங்களுக்கு என்ன ஆறுதல் தருது?" என்று கேட்டால்தான் வாய் திறக்கும். பழைய கொடுமையை விவரமாகச் சொல் என்று அவர் தோண்டக் கூடாது. அது மனநல ஆலோசகரின் வேலை. தேவைப்பட்டால் அங்கே அனுப்புவார்.

(திரையில்: 1944, மினசோட்டா பல்கலைக்கழகம்)

பட்டியல் போட்டு உணவை வெட்டுவதிலும் அவசரம் காட்ட மாட்டார். 1944-இல் தொடங்கிய ஓர் ஆய்வில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர், ஆரோக்கியமான 36 இளைஞர்களுக்குச் சுமார் ஆறு மாதம் அரைவயிற்றுச் சாப்பாடு கொடுத்தார். எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு, தட்டை நக்குவது, சமையல் புத்தகம் சேர்ப்பது என்று அவர்கள் மாறிப்போனார்கள். கட்டுப்பாடு முடிந்தபின் சிலருக்கு எவ்வளவு சாப்பிட்டும் நிறைவு வரவில்லை. அளவில்லாமல் சாப்பிடுவதைப் பலவீனம் என்று திட்டுகிறவர்கள் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். அதனால்தான் இந்த வகை டயட்டீஷியன், வேளைக்குச் சாப்பிடுவதை முதலில் நிலைப்படுத்துவார். பிறகு சோற்றோடு பருப்பு, காய் என்று சேர்த்துக்கொண்டே போவார்.

"அப்போ எடை முக்கியமே இல்லையா?" என்று நீங்கள் கேட்கலாம். உடல் கொழுப்பு சர்க்கரையையும் மூட்டையும் பாதிக்கும். அதை மறைப்பது நேர்மையில்லை. ஆனால் எண் மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் புனே டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யட்கினும் சேர்ந்து நிற்கும் படம் வந்தது. உயரத்தையும் எடையையும் வைத்துக் கணக்கிடும் பிஎம்ஐ இருவருக்கும் 22.3. உடல் கொழுப்போ யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம், யட்கினுக்கு 9.1. ஒல்லியாகத் தெரியும் நம் ஆட்களுக்கும் சர்க்கரை வருவதை வீட்டிலேயே பார்க்கிறோமே. ஆகவே மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, ரத்த அழுத்தம், தூக்கம், மாடி ஏறும்போது மூச்சு வாங்குகிறதா என்பதையெல்லாம் வைத்து முன்னேற்றத்தைப் பார்க்கிறார்கள்.

அடுத்த முறை ஆலோசனைக்குப் போகும்போது, "எடை பார்க்காமல் ஆரம்பிக்கலாமா?" என்று நீங்களே கேளுங்கள். சாப்பிட்டதை வாந்தி எடுப்பது, நாள்கணக்கில் பட்டினி கிடப்பது, திடீரென எடை இறங்குவது போன்றவை இருந்தால், டயட்டீஷியனோடு டாக்டரையும் மனநல மருத்துவரையும் சேர்த்தே பாருங்கள்.