புகை படிந்த கைமரங்கள்

வணக்கம், நேயர்களே. அணை கட்டுகிறார்கள் என்றால் மக்கள் சட்டிபானைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வீட்டைவிட்டுப் போவார்கள். 1960-களின் கடைசியில் இங்கிலாந்தில் வீட்டையே வண்டியில் ஏற்றினார்கள். கென்ட் மாவட்டத்தில் சிடிங்ஸ்டன் பக்கம் இருந்த பேலீஃப் என்னும் பண்ணைவீடு அது. பவ் பீச் நீர்த்தேக்கம் வருகிறது என்றதும் அதைக் கழற்றி, மேற்கு சசெக்ஸில் சிங்கிள்டனில் உள்ள திறந்தவெளி அருங்காட்சியகத்தில் 1972இல் மறுபடி நிறுத்திவிட்டார்கள்.

ஐந்நூறு ஆண்டு தாண்டிய வீட்டைக் கட்டில் மாதிரி கழற்ற முடியுமா? முடியும், ஏனென்றால் அது பிறந்ததே அப்படித்தான். 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தச்சர்கள் ஓக் மரத்தை ஈரம் காயாமலே அறுத்து, துளையும் கழுந்துமாகச் செதுக்கி, மர ஆணி அடித்துச் சட்டம் சேர்த்தார்கள். எது எதோடு சேரும் என்று தெரிய, ரோமன் எண்கள் போன்ற குறிகளை மரத்திலேயே கீறிவைப்பது அவர்கள் வழக்கம். மரம் காயக் காய மூட்டுகள் இறுகும். பாரமெல்லாம் சட்டத்தின் மேல்தான். சுவர் வெறும் அடைப்பு: வரிச்சு பின்னி, களிமண்ணும் வைக்கோலும் சாணமும் குழைத்துப் பூசியது.

வெளியே நின்று பார்த்தால் வீட்டின் நடுப்பகுதி உள்ளடங்கியிருக்கும். இரு பக்கமும் மாடி கீழ்ச்சுவரைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே கூரை. அழகுக்காக அல்ல, புகைக்காக! நடுக்கூடத்தில் தரையின் மத்தியிலேயே அடுப்பு. புகைபோக்கி கிடையாது. புகை மேலே ஏற வேண்டுமே, அதனால் கூடத்துக்கு மேல் மாடி போடவில்லை. மாடி இல்லாத இடத்தில் எதை வெளியே நீட்டுவது?

நான் உள்ளே போனபோது முதலில் தெரிந்தது குளிர்தான். சன்னலில் கண்ணாடி இல்லை. மரக்கம்பிகளும் கதவும் மட்டும். கூடத்தின் ஒரு முனையில் குடும்பத்தலைவரின் சாப்பாட்டு மேசை. மறு முனைக்கு அப்பால் இரண்டு சரக்கறைகள். ஒன்றின் பெயர் பட்டரி. வெண்ணெய் வைக்கும் இடம் என்றே நினைத்திருந்தேன். பட் என்றால் பீப்பாயாம், குடிபானம் வைக்கும் அறை! 1500-களின் தொடக்கத்தில் மேசைப் பக்கத்து முனையைப் புதிதாகக் கட்டினார்கள். அங்கே மாடி அறையை ஒட்டி, வெளிச்சுவரில் துருத்திக்கொண்டு ஒரு கழிப்பறை வேறு. அன்றைக்கு அது பெரிய வசதி.

அப்புறம் செங்கல் புகைபோக்கி வந்தது. இப்படிப்பட்ட பல வீடுகளில் கூடத்துக்கு நடுவே தளம் போட்டு மாடி ஆக்கிக்கொண்டார்கள். ஆனாலும் பரணில் ஏறி விளக்கடித்தால் கைமரங்களில் பழைய கரி அப்படியே இருக்கும். ஒரு வீட்டில் முன்பு திறந்த கூடம் இருந்ததா என்று ஆய்வாளர்கள் கண்டுபிடிப்பது இந்தக் கரியை வைத்துத்தான்.

பேலீஃபைத் திரும்ப நிறுத்தியபோது பின்னாளில் சேர்ந்த மாற்றங்களை விட்டுவிட்டு, 1500-களில் இருந்த கோலத்துக்குக் கொண்டுபோனார்கள். எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். குளிர் தாங்காமல் புகைபோக்கி கட்டிக்கொண்டவர்களும் அந்த வீட்டுக்காரர்கள்தானே? சரி, அதனால் ஒரு லாபமும் உண்டு. இப்போது கூடத்தின் நடுவே மறுபடி தீ மூட்டுகிறார்கள். திரும்பும்போது என் சட்டையெல்லாம் புகை வாசனை.

நன்றி, வணக்கம்.