விலை ஏறியும் பெருகிய கேள்வி

நேயர்களுக்கு என் அன்பு வணக்கம்.

மக்கள் ஒரு பண்டத்தை வாங்க விரும்பி, வாங்கக் கூடியதாகவும் இருக்கும் அளவைப் பொருளியலில் கேள்வி என்பர். அப்பண்டத்தின் விலை ஏறினால் அதை வாங்கும் அளவு குறையும் என்பது கேள்வி விதி. ஆனால் 2022ஆம் ஆண்டு இலங்கையில் துவிச்சக்கர வண்டியின் விலை வெகுவாக ஏறியும் அதை வாங்குவோர் தொகை பெருகியது. விதி பொய்க்கவில்லை, 'ஏனையவை மாறாதிருக்க' என்ற அதன் நிபந்தனைதான் அவ்வாண்டில் நிறைவேறவில்லை.

ஏனையவற்றுள் முதன்மையானது பிரதியீட்டுப் பண்டத்தின், அதாவது ஒன்றுக்குப் பதிலாகப் பயன்படும் பண்டத்தின் நிலை. துவிச்சக்கர வண்டிக்கு அது பெற்றோலில் ஓடும் மோட்டார் சைக்கிள் போன்ற வாகனம். ஜனவரியில் லீற்றர் 177 ரூபாய்க்கு விற்ற 92 ஒக்டேன் பெற்றோல் ஜூன் இறுதியில் 470 ரூபாயைத் தொட்டது. அந்த விலை கொடுக்க ஆயத்தமாக இருந்தவருக்கும் அது கிடைக்கவில்லை. அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என அரசு அறிவித்தது. பின்னர் கியூஆர் குறியீட்டைக் காட்டி வாராந்த ஒதுக்கீட்டைப் பெறும் முறை வந்தபோதும் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர்தான். எரிபொருள் நிலைய வாசலில் இரவும் பகலும் வரிசையில் கிடந்தவர், வேலைக்குப் போவதற்காகத் துவிச்சக்கர வண்டிக்கு முன்னரைவிடக் கூடிய விலை கொடுக்க முன்வந்ததில் வியப்பில்லை. ரூபாயின் வீழ்ச்சி இறக்குமதிச் செலவை ஏற்றி, ஒவ்வொரு விலையிலும் விற்பனைக்கு வரும் அளவைக் காட்டும் நிரம்பல் வளையியை இடப்பக்கம் (குறைவை நோக்கி) தள்ள, வாங்கும் அளவைக் காட்டும் கேள்வி வளையி அதைவிட வேகமாக வலப்பக்கம் (அதிகரிப்பை நோக்கி) நகர்ந்தது. வீட்டுக் கோடியில் துருப்பிடித்துக் கிடந்த பழைய வண்டிகளும் திருத்தகத்துக்கு வந்ததால், குறைநிரப்புப் பண்டங்களான, அதாவது வண்டியோடு சேர்த்தே பயன்படும் ரயர், ரியூப், சங்கிலி ஆகியவற்றுக்கும் கேள்வி கூடியது.

எதிர்பார்க்கையின் வலிமையையும் அப்போது கண்டோம். நள்ளிரவு முதல் எரிபொருள் விலை கூடுகிறது என்ற பேச்சு பரவினாலே போதும், மாலைக்குள் வரிசை நீண்டுவிடும். நாளைய விலை இன்றைய கேள்வியை மாற்றிவிடும். வருமானத்தின் பங்கும் சிறிதல்ல: செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதமாகியபோது, அதே சம்பளம் வாங்கியவரின் கொள்வனவுச் சக்தி பெரிதும் தேய்ந்தது.

விருப்பமும் பழக்கமும் மட்டும் இவ்வளவு விரைவில் மாறுவதில்லை. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையின்போது யாழ்ப்பாணம் மூட்டைமுடிச்சு முதல் நோயாளர் வரை துவிச்சக்கர வண்டியிலேயே சுமந்தது. அங்கு இதற்குப் புதுப் பழக்கம் தேவைப்படவில்லை. கொழும்பில் நிலை வேறு. 2023 செப்டெம்பரில் எரிபொருள் ஒதுக்கீட்டு முறை நீங்கியபின், அங்கு இந்தக் கேள்வி நிலைப்பதற்கு வண்டியின் விலையைக் குறைப்பது மட்டும் போதாது. பேருந்துக்கும் லொறிக்கும் அஞ்சாமல் ஓட்டிச்செல்லத் தனிப் பாதையும், அலுவலகத்தில் வண்டியைப் பூட்டி வைக்க ஓர் இடமும் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.