அதையே நினைச்சுக்கிட்டு இருந்தா மனசு என்ன ஆகும்? சூசன் நோலன்-ஹோக்ஸெமாவோட ஆராய்ச்சி

வணக்கம் மக்களே, பெங்களூர்ல இருந்து பேசுறேன். இன்னைக்கு ஒரு சைக்காலஜிஸ்டோட ஆராய்ச்சி வாழ்க்கையைப் பத்தி பார்க்கப் போறோம். பேரு சூசன் நோலன்-ஹோக்ஸெமா. நம்ம பக்கம் இவங்க பேரு அவ்வளவா யாருக்கும் தெரியாது, ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு கண்ணை முழிச்சுக்கிட்டு ஒரே விஷயத்தை மனசுல ஓட்டிக்கிட்டே இருக்கற எல்லாருக்கும் தெரிஞ்சிருக்க வேண்டிய பேரு.

(திரையில்: சான் ஃப்ரான்சிஸ்கோ விரிகுடா மேப், 17 அக்டோபர் 1989)

சாயங்காலம் 5 மணி 4 நிமிஷம். கலிஃபோர்னியால லோமா ப்ரியேட்டா நிலநடுக்கம், 6.9 அளவு, 63 பேர் இறந்துட்டாங்க, ஓக்லாண்ட்ல ரெண்டடுக்கு ரோடு ஒண்ணுல மேல் அடுக்கு அப்படியே கீழ் அடுக்கு மேல விழுந்துருச்சு. ஸ்டான்ஃபோர்ட் யுனிவர்சிட்டி அங்கிருந்து ரொம்ப தூரம் இல்ல. அங்கதான் சூசன் சைக்காலஜி சொல்லிக் கொடுத்துக்கிட்டு இருந்தாங்க, அப்ப அவங்களுக்கு 30 வயசு. நிலநடுக்கத்துக்கு 14 நாள் முன்னாடி 137 ஸ்டூடண்ட்ஸ்கிட்ட ஒரு சர்வே வாங்கி வெச்சிருந்தாங்க. இப்ப உங்க மனசு எப்படி இருக்கு, மனசு டல்லா ஆச்சுன்னா நீங்க என்ன செய்வீங்க, வெளிய போயி வேற ஏதாவது பண்ணுவீங்களா, இல்ல தனியா உக்காந்து எனக்கு ஏன் இப்படி ஆகுதுன்னு யோசிச்சுக்கிட்டே இருப்பீங்களா, இந்த மாதிரி கேள்விங்க.

இது ஏன் பெரிய விஷயம்னா, வழக்கமா ஒரு பேரழிவு நடந்ததுக்கு அப்புறம்தான் ஆராய்ச்சி பண்றவங்க போயி கேப்பாங்க, அதுக்கு முன்னாடி நீங்க எப்படி இருந்தீங்கன்னு. அப்ப அந்த ஆளு இன்னைக்கு இருக்கற மனநிலையை வெச்சுதான் பழசை சொல்லுவாரு. சூசன் கையில மட்டும் 'முன்னாடி' எப்படி இருந்தாங்கங்கறது எழுத்துல இருந்துச்சு. நிலநடுக்கம் முடிஞ்சு 10 நாள் கழிச்சு ஒருவாட்டி, 7 வாரம் கழிச்சு இன்னொரு வாட்டி, அதே பசங்ககிட்ட சூசனும், ஜேனே மாரோங்கற இன்னொரு ஆராய்ச்சியாளரும் சேர்ந்து மறுபடி கேட்டாங்க. 1991ல ரிசல்ட் வெளியாச்சு. ரொம்ப ஆபத்துல மாட்டினவங்க 10ஆவது நாள்ல அதிகமா வாடிப் போயிருந்தாங்க, இது யாரும் எதிர்பார்க்கறதுதான். ஆனா நிலநடுக்கத்துக்கு முன்னாடியே 'ஏன் எனக்கு இப்படி'ன்னு உள்ளுக்குள்ளயே உழட்டிக்கற பழக்கம் இருந்தவங்க, 10ஆவது நாளும் சரி 7ஆவது வாரமும் சரி, மத்தவங்களை விட அதிகமா டிப்ரஷன் அறிகுறியோட இருந்தாங்க, முன்னாடியே இருந்த டிப்ரஷனை கணக்குல கழிச்சுப் பார்த்தும் இதே கதைதான்.

இந்தப் பழக்கத்துக்கு சைக்காலஜில ரூமினேஷன்னு பேரு. இது வெறும் கவலை கிடையாது. நாளைக்கு வாடகை எப்படி கட்டுறதுங்கறது கவலை. நான் ஏன் இப்படி இருக்கேன், என்கிட்ட என்ன குறை, மத்தவங்க எல்லாம் சமாளிக்கறாங்க என்னால மட்டும் ஏன் முடியலன்னு, தன்னோட சோகத்தையும் அதோட காரணத்தையுமே சுத்திச் சுத்தி வர்றது ரூமினேஷன்.

சரி, இவங்க எங்க இருந்து இந்தக் கேள்விக்கு வந்தாங்க? 1982ல யேல் யுனிவர்சிட்டில பிஏ, 1986ல பென்சில்வேனியா யுனிவர்சிட்டில பிஎச்டி. அடுத்த வருஷமே, 1987ல, ஒரு பெரிய கட்டுரை எழுதுறாங்க. கேள்வி ஒண்ணுதான், பொம்பளைங்களுக்கு ஆம்பளைங்களை விட ஏறக்குறைய ரெண்டு மடங்கு டிப்ரஷன் வருதே, ஏன்? ஹார்மோன்னு சொன்னாங்க, வளர்ப்புன்னு சொன்னாங்க, இன்னும் என்னென்னவோ சொன்னாங்க, ஒவ்வொண்ணையும் எடுத்து ஆதாரம் இருக்கான்னு பார்த்து, இது மட்டும் போதாது இது மட்டும் போதாதுன்னு ஓரமா வெச்சுட்டு, சோகம் வந்தா அதுக்கு நாம எப்படி ரியாக்ட் பண்றோம்ங்கறதுல வித்தியாசம் இருக்குன்னு சொன்னாங்க. சின்ன வயசுல பையனுக்கும் பொண்ணுக்கும் டிப்ரஷன்ல இந்த இடைவெளி கிடையாது, டீனேஜ்லதான் திறக்குது. அப்ப பொறப்புலயே வர்ற சமாச்சாரம்னு சும்மா சொல்லிட முடியாது இல்லையா.

இங்க ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லணும், ஏன்னா இவங்க ஆராய்ச்சியை "பொம்பளைங்க ஓவரா யோசிப்பாங்க"ன்னு ஒரே வரில சுருக்கிடறவங்க நிறைய பேர். 1999ல சூசனும் அவங்க கூட வேலை பார்த்தவங்களும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆளுங்களை ஒரு வருஷ இடைவெளில ரெண்டு தடவை பேட்டி எடுத்து எழுதின பேப்பர்ல தெளிவா இருக்கு. வீட்டு வேலை மொத்தமும் ஒருத்தர் தலையில, சொல்ற பேச்சுக்கு மதிப்பு இல்ல, எதுவும் என் கையில இல்லங்கற உணர்வு, இந்த மாதிரி தினசரி பாரம் பெண்களுக்கு அதிகம், அந்த பாரம் ரூமினேஷனை வளர்க்குது, ரூமினேஷன் இருந்தா அந்த பாரத்தை மாத்தறதுக்கு கை எழ மாட்டேங்குது, ஒண்ணை ஒண்ணு ஊட்டி வளர்க்குது. மாரத்தஹள்ளில ஆபீஸ் முடிச்சு, ரெண்டு மணி நேரம் டிராஃபிக்ல நின்னு வீட்டுக்கு வந்து, தோசை ஊத்தி, பையனுக்கு ஹோம்வொர்க் பார்த்து, ஊர்ல இருக்கற மாமியாருக்கு போன் பேசிட்டு படுக்கற ஒரு அக்காகிட்ட போயி "நீங்க ரொம்ப யோசிக்கறீங்க"ன்னு மட்டும் சொல்றது அநியாயம். அந்த வேலையில பாதியை வேற யாராவது எடுத்துக்கணும், அதுவும் ட்ரீட்மெண்ட்ல ஒரு பங்குதான்.

எனக்கு இவங்க வேலைல ரொம்பப் பிடிச்சது 8 நிமிஷ பரிசோதனை. சோன்யா லூபமிர்ஸ்கி அப்ப ஸ்டூடண்ட், ரெண்டு பேரும் சேர்ந்து 1990கள்ல பண்ணது. மனசு வாடியிருக்கறவங்க, நல்லா இருக்கறவங்க, ரெண்டு வகையையும் கூப்பிட்டு பாதிப் பேரை 8 நிமிஷம் தன்னைப் பத்தியே யோசிக்கச் சொல்றாங்க, உங்க உடம்பு இப்ப எப்படி இருக்கு, உங்க உணர்ச்சிக்கு என்ன அர்த்தம்னு. மீதிப் பேரை வானத்துல மேகம் கூடறதை, மோனலிசா முகத்துல இருக்கற பாவனையை மனசுல கொண்டு வரச் சொல்றாங்க. நல்லா இருந்தவங்களுக்கு எதைச் செஞ்சாலும் பெரிய வித்தியாசம் இல்ல. ஆனா வாடியிருந்தவங்க தன்னைப் பத்தி 8 நிமிஷம் யோசிச்சதும் இன்னும் வாடினாங்க, நடந்ததுக்கெல்லாம் மோசமான அர்த்தம் எடுத்தாங்க, வருங்காலம் இருட்டா தெரிஞ்சுது, ஒரு ஃப்ரெண்ட் உங்களை ஒதுக்கற மாதிரி இருந்தா என்ன பண்ணுவீங்கன்னு கேட்டா சரியான வழி சொல்ல முடியல. மேகத்தை நினைச்ச வாடினவங்க? நல்லா இருந்தவங்க அளவுக்கே யோசிச்சாங்க. அதே ஆளு, அதே மூளை, நடுவுல 8 நிமிஷம்.

இன்னொண்ணு கவனிங்க. ரூமினேஷன் பண்ணவங்களுக்கு, வெளிய போனா நல்லா இருக்கும்னு தெரியுது, ஆனா போக மனசு வரல. உக்காந்து யோசிச்சாதான் தெளிவு கிடைக்கும்னு உள்ளுக்குள்ள ஒரு நம்பிக்கை, அதான் எழுந்துக்க விடாம பிடிச்சு வைக்குது.

இதுவரைக்கும் ஒரு ஆளோட மனசுக்குள்ள நடக்கறது. ஆனா சூசன் அதோட நிக்கல, பக்கத்துல இருக்கற மனுஷங்களையும் பார்த்தாங்க. நெருங்கின சொந்தத்தைப் பறிகொடுத்தவங்களை மாசக்கணக்கா பின்தொடர்ந்து, 1999ல கிறிஸ்டோஃபர் டேவிஸ்ங்கற ஆராய்ச்சியாளர் கூட ஒரு பேப்பர் எழுதினாங்க. துக்கத்தை உள்ளுக்குள்ளயே ஓட்டறவங்கதான் அதிகமா ஆதரவு தேடி மத்தவங்ககிட்ட போறாங்க, கிடைச்சா அவங்களுக்குத்தான் அதனால அதிக பலனும் கிடைக்குது. ஆனா அவங்களுக்குத்தான் உறவுகள்ல அதிக உரசலும் நடக்குது. நமக்கு தெரியாததா இது? காரியம் முடியற வரைக்கும் வீடு நிறைய ஆளுங்க இருப்பாங்க, ரெண்டு மாசம் போனதும் "இன்னும் எத்தனை நாளைக்கு இதையே சொல்லிக்கிட்டு இருப்ப"ன்னு கேட்டுருவாங்க. ஊரை விட்டு வந்து ஓசூர் ரோடு பக்கம் ஒரு அபார்ட்மெண்ட்ல இருக்கறவங்களுக்கு, கேக்கறதுக்கு இருக்கறதே ரெண்டு காது, அந்த ரெண்டும் களைச்சுப் போச்சுன்னா யாருகிட்ட போவாங்க?

அப்ப ஃப்ரெண்ட்ஸ்கிட்ட கொட்டிட்டா சரியாகிடுமா? அதுலயும் ஒரு சிக்கல் இருக்கு. 2002ல அமண்டா ரோஸ்ங்கற இன்னொரு ஆராய்ச்சியாளர் ஸ்கூல் பசங்களை வெச்சு காட்டினாங்க, ரெண்டு தோழிங்க சேர்ந்து ஒரே பிரச்சினையை திரும்பத் திரும்பப் பேசிக்கிட்டே இருந்தா நட்பு இறுகுது, கூடவே டிப்ரஷன், பதட்டம் மாதிரியான அறிகுறிகளும் அதிகமா இருக்கு. பிஜி ரூம்ல பக்கத்து கட்டில் தோழிகிட்ட மேனேஜர் சொன்னதை நூறு கோணத்துல பேசறது நல்லதுதான், ஆனா 'நாளைக்கு காலையில இதுக்கு என்ன பண்ணப் போற'ங்கற ஒரு கேள்வியாவது அந்தப் பேச்சுல வந்துரணும்.

(திரையில்: 2003, 22 கேள்விகள், 10 மிச்சம்)

2003ல நடந்தது எனக்கு மரியாதை கூட்டின விஷயம். இவங்க உருவாக்கின ரூமினேஷன் அளவுகோல்ல 22 கேள்வி இருந்துச்சு. அதுல பல கேள்வி டிப்ரஷனையே வேற வார்த்தைல கேக்கற மாதிரி இருக்குன்னு விமர்சனம் வந்துச்சு. சூசனும் அவங்க டீமும் அந்தக் கேள்விகளையெல்லாம் தூக்கிட்டு மறுபடி கணக்கு போட்டாங்க, 10 கேள்வி மிஞ்சுது, அதுவும் ரெண்டு கூட்டமா பிரிஞ்சுது. ஒண்ணு, 'நான் என்ன பாவம் பண்ணேன் எனக்கு மட்டும் ஏன் இப்படி'ன்னு புழுங்கறது. இன்னொண்ணு, நிதானமா உக்காந்து, மனசுல இருக்கறதை எழுதிப் பார்த்து, புரிஞ்சுக்க முயற்சி பண்றது. புழுங்கறது இன்னைக்கும் டிப்ரஷனோட சேர்ந்து வருது, ஒரு வருஷம் கழிச்சும் டிப்ரஷனை ஏத்துது. ரெண்டாவது வகை இன்னைக்கு வலிச்சாலும், நாள் போகப் போக டிப்ரஷன் குறையறதோட சேர்ந்து வந்துச்சு. ஆக, யோசிக்கவே கூடாதுன்னு இவங்க எந்தக் காலத்துலயும் சொல்லல.

ஸ்டான்ஃபோர்டுக்கு அப்புறம் மிஷிகன் யுனிவர்சிட்டி, 2004ல மறுபடி யேல், அங்க சைக்காலஜி துறைத் தலைவரா இருந்தாங்க. குடிப்பழக்கம், சாப்பாட்டுக் கோளாறு, இதுலயும் ரூமினேஷனுக்கு பங்கு இருக்கான்னு தேடினாங்க, இருந்துச்சு. 2013 ஜனவரில, இதய ஆபரேஷனுக்கு அப்புறம், 53 வயசுல இறந்துட்டாங்க.

வேலை நிக்கல. இங்கிலாந்துல எக்ஸிடர்ல எட்வர்ட் வாட்கின்ஸ்ங்கற சைக்காலஜிஸ்ட் ரூமினேஷனை மட்டும் குறி வெச்சு ஒரு சிபிடி சிகிச்சையை உருவாக்கியிருக்காரு. சிபிடின்னா, நாம யோசிக்கற விதத்தையும் நடந்துக்கற விதத்தையும் மாத்தப் பழக்கற பேச்சு சிகிச்சை. சாராம்சம் இதுதான்: 'ஏன் எனக்கு இப்படி'ங்கற கேள்வியை விட்டு 'எப்படி நடந்துச்சு, அடுத்து எதைச் செய்யலாம்'னு குறிப்பா கேக்கப் பழக்கறது. இன்னைக்கு ராத்திரி நீங்க செஞ்சு பார்க்கலாம். முதல்ல கொஞ்ச நேரம் கவனத்தை வேற எதுலயாவது முழுசா வைங்க, பாத்திரம் கழுவுங்க, மாடிக்கு போயி நடங்க, மனசு கொஞ்சம் லேசானதும் ஒரு பேப்பர்ல என்ன நடந்துச்சு, நாளைக்கு நான் செய்யக்கூடிய ஒரு காரியம் என்னன்னு எழுதுங்க. அந்த வரிசை முக்கியம், வாடின மனசோட நேரா பிரச்சினைக்குள்ள இறங்கினா என்ன ஆகும்னு அந்த 8 நிமிஷம் காட்டிருச்சு.

ஆனா ரெண்டு வாரத்துக்கு மேல தூக்கம் இல்ல, சாப்பாடு இறங்கல, எதுலயும் பிடிப்பு இல்லன்னா பேப்பர் பேனாவோட நிறுத்தாதீங்க. நம்ம ஊர் மனநல ஆஸ்பத்திரி நிம்ஹான்ஸ் ஒருங்கிணைச்ச 2015-16 தேசிய மனநல சர்வேபடி, 20 பேர்ல ஒருத்தருக்கு வாழ்க்கையில ஒரு தடவையாவது டிப்ரஷன் வந்திருக்கு, அதனால இது ஏதோ உங்களுக்கு மட்டும் வந்த விசித்திரம் கிடையாது. டெலி மானஸ்னு அரசாங்க ஹெல்ப்லைன் இருக்கு, நம்பர் 14416, காசு கிடையாது, எந்நேரமும் கூப்பிடலாம், தமிழ்லயே பேசலாம்.