ஒன்பதாவதோடு பள்ளியை நிறுத்திவிடலாமா?

அடுத்த கேள்விக்கு வருவோம். ஒரு தம்பி அனுப்பியிருக்கிறார், பெயரைச் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டிருக்கிறார். படிக்கிறேன்: “சார், எனக்கு 15 வயது. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியில் ஒன்பதாவது படிக்கிறேன். படிப்பு மண்டையில் ஏறவில்லை, அதிலும் கணக்கு சுத்தம். எங்கள் தெருவில் ஒரு அண்ணன் வயரிங் வேலை எடுத்துச் செய்கிறார். லீவு விட்டால் அவர்கூடப் போவேன். பள்ளியை நிறுத்திவிட்டு அவரிடமே சேர்ந்துவிடலாமா? சட்டப்படி தப்பா? பின்னால் படிக்க ஆசை வந்தால் வழி உண்டா?”

சட்டத்தை முதலில் முடித்துவிடுகிறேன். கட்டாயக் கல்விச் சட்டம், அதாவது 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிற கல்வி உரிமைச் சட்டம், 6 வயதிலிருந்து 14 வயது வரைதான் பேசுகிறது. உனக்கு 15 ஆகிவிட்டது. ஆகையால் நீ நின்றால் அந்தச் சட்டப்படி உன்னையோ உன் அப்பா அம்மாவையோ யாரும் பிடிக்க முடியாது. இதே கேள்வியை 13 வயதில் கேட்டிருந்தால், ‘முடியாது’ என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பேன்.

ஆனால் பள்ளியை விடுவது ஒன்று, வேலைக்குப் போவது வேறொன்று. பலர் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். வேலைக்குத் தனிச் சட்டம் இருக்கிறது, குழந்தைத் தொழிலாளர் சட்டம். 2016-இல் அதைத் திருத்தியபோது 14 முதல் 18 வயது வரை உள்ளவர்களை வளரிளம் பருவத்தினர் என்று தனியாகப் பிரித்தார்கள். சுரங்கம், வெடிபொருள், தீப்பற்றும் பொருள், இன்னும் ஆபத்தான தொழில்கள் என்று பட்டியல் போட்டிருக்கிறார்கள். அவற்றில் உன்னை வைத்து வேலை வாங்கினால் வாங்குகிறவருக்கு 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், இரண்டுமே கூட விழலாம். மற்ற வேலைகளுக்கும் நேரக் கணக்கு உண்டு. தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது, நடுவில் ஒரு மணி நேரம் ஓய்வு தர வேண்டும், ஓய்வையும் சேர்த்து ஒரு நாளைக்கு 6 மணி நேரம்தான். இரவு 7 மணியிலிருந்து காலை 8 மணி வரை வேலையே வாங்கக் கூடாது. இப்போது சொல், வீடு கட்டுகிற இடத்தில் இந்தக் கணக்கைப் பார்த்து யார் உன்னை முழுநேரமாக வைத்துக்கொள்வார்? அந்த அண்ணன் நல்லவராகவே இருக்கட்டும். உனக்குக் கரண்ட் அடித்தால் சிக்கிக்கொள்ளப் போகிறவர் அவர்தான்.

சரி, வயரிங்தானே பிடித்திருக்கிறது? அதையே படிக்கலாம். ஐடிஐ-யில், அதாவது தொழிற்பயிற்சி நிலையத்தில், வயர்மேன் என்று ஒரு பிரிவு இருக்கிறது. எட்டாவது தேர்ச்சி போதும், 14 வயது ஆகியிருக்க வேண்டும், இரண்டு ஆண்டுப் படிப்பு. அரசு ஐடிஐ என்றால் கல்விக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ், சைக்கிள் எல்லாம் தருகிறார்கள். வெல்டரும் எட்டாவதுக்குத்தான், அது ஓராண்டு. எலக்ட்ரீஷியன் வேண்டும் என்றால் பத்தாவது கேட்பார்கள், அதில் கணக்கும் அறிவியலும் இருக்க வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாமல் விண்ணப்பித்துவிட்டு, கவுன்சிலிங்கில் கையைப் பிசைந்துகொண்டு நின்ற பையன்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு விஷயம், இது முக்கியம். எட்டாவது முடித்து இரண்டு ஆண்டு ஐடிஐ தேறியவர்கள், பத்தாம் வகுப்பின் தமிழ், ஆங்கிலத் தாள்களை மட்டும் எழுதித் தேறினால் பத்தாவதுக்கு இணையான சான்று வாங்கலாம். தமிழ்நாட்டில் இந்த வசதி இருக்கிறது. கணக்குத் தாள் அதில் கிடையாது. முகம் மலர்வது எனக்குத் தெரிகிறது! ஆனால் ஐடிஐ-யிலும் தொழிற்கணக்கு வரும். கம்பி எத்தனை மீட்டர், எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று போடத்தானே வேண்டும்.

‘எனக்கு எதற்கு பத்தாவது’ என்று நினைக்கலாம். அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வு எழுதப் பத்தாவது வேண்டும், அது தெரிந்ததுதான். பலருக்குத் தெரியாதது பாஸ்போர்ட். பத்தாவது தேறாதவருக்குப் பொதுவாக ஈசிஆர் பாஸ்போர்ட்தான், அதாவது ‘குடிபெயர்வுச் சோதனை தேவை’ என்ற வகைதான் கிடைக்கும். அதை வைத்துக்கொண்டு சவூதி, கத்தார், குவைத் மாதிரி நாடுகளுக்கு வேலைக்குப் போவதென்றால் குடிபெயர்வு அனுமதி என்று தனியாக வாங்க வேண்டும். எலக்ட்ரிக்கல் வேலைக்காரர்கள் பாதிப் பேர் கண் வைத்திருப்பதே அந்தப் பக்கம்தான்.

ஐடிஐ வேண்டாம், பத்தாவதை மட்டும் வெளியிலிருந்து எழுதிக்கொள்கிறேன் என்றால் அதற்கும் வழி உண்டு. அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்துகிற பத்தாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம், பதினான்கரை வயது ஆகியிருந்தால் போதும். அறிவியல் செய்முறை வகுப்புக்கு முன்கூட்டியே பதிய வேண்டும், அதைத்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். அப்புறம் என்ஐஓஎஸ், தேசியத் திறந்தநிலைப் பள்ளி. ஐந்து பாடம் தேற வேண்டும், அதற்கு ஐந்து ஆண்டு அவகாசம், அதற்குள் ஒன்பது வாய்ப்பு. ஒவ்வொரு பாடமாக எழுதிச் சேர்க்கலாம், கணக்கை எடுக்காமலும் இருக்கலாம். ஆனால் வீட்டில் உட்கார்ந்து தானாகப் படிக்கிற பழக்கம் இருந்தால்தான் இது ஓடும். ஒன்பதாவது வகுப்பறையே பிடிக்காத பையனுக்கு நான் இதை முதலில் சொல்ல மாட்டேன்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் சரி, சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடாதே. அப்பாவையோ அம்மாவையோ கூட்டிக்கொண்டு போய் தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுத்து டிசி வாங்கு. எமிஸில், அதாவது பள்ளிக் கல்வித் துறையின் ஆன்லைன் மாணவர் பதிவேட்டில், உன் பெயர் அந்தப் பள்ளியிலேயே கிடந்தால் அடுத்த இடத்தில் சேர்க்கும்போது இழுபறி ஆகும். எட்டாவது மதிப்பெண் சான்றையும் பத்திரப்படுத்து.

தமிழ்நாட்டில் ஐடிஐ விண்ணப்பம் பெரும்பாலும் மே, ஜூனில் போகும். அதனால் இப்போதே நிற்க வேண்டிய அவசியமே இல்லை. முழு ஆண்டுத் தேர்வை எழுதிவிடு. நடுவில் ஒருநாள் அந்த அண்ணனிடம், ‘நீங்கள் ஐடிஐ படித்தீர்களா, படிக்காததால் என்ன போச்சு’ என்று கேள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கும் எழுது, அடுத்த வீடியோவில் படிக்கிறேன்.